ஜெயிக்கிற வழியே பாடமாக இருக்கட்டும்: வகுப்பறையில் விளையாட்டுவழிக் கற்றலைத் திட்டமிடும் முறை

வகுப்பில் ஒரு விளையாட்டு எப்படிப் போயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பிள்ளைகள் ரொம்ப உற்சாகமாக இருந்தார்கள்" என்பதுதான். உற்சாகம் வரவழைப்பது பெரிய வேலையில்லை. நோட்டில் எழுதுவதைத் தவிர வேறு எதைச் செய்யச் சொன்னாலும் வரும். ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: பாடம் சுத்தமாகப் புரியாத ஒரு பிள்ளை இந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அதை மதிய இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். பீரியடைச் செலவழிக்க அது தகுதியில்லை.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போகிறது: ஆறாம் வகுப்பு, பின்னங்களை ஒப்பிடுதல், 36 மாணவர்கள், 40 நிமிடப் பீரியட், வரிசையாகப் போட்ட பெஞ்சுகள். வேறு பாடத்துக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்பது போகப் போகப் புரியும்.

தவறான விடையிலிருந்து தொடங்குங்கள்

ஆட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுத வேண்டும். முதலாவது, கற்றல் விளைவு. "பின்னங்களைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. "இரண்டு பின்னங்களைக் கொடுத்தால், எது பெரியது என்பதைக் காரணத்துடன் சொல்வர்" என்று எழுதினால் ஆட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: ஒப்பிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள் எங்கே தப்பாக யோசிக்கிறார்கள் என்ற பட்டியல். பின்ன ஒப்பீட்டில் மூன்று தப்புகள் எல்லா வகுப்பிலும் வரும்.

- 8, 4-ஐவிடப் பெரியது. அதனால் 1/8, 1/4-ஐவிடப் பெரியது.
- மேலே உள்ள எண் பெரிதாக இருந்தால் பின்னமும் பெரிது. 3/8, 2/3-ஐவிடப் பெரியது என்பார்கள்.
- 3/4-க்கும் 5/6-க்கும் முழுசாக ஒன்றுதான் குறைகிறது, அதனால் இரண்டும் சமம்.

மூன்றாவது தப்பு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் இருக்கும். குறுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துவிட்டால் விடை சரியாக வந்துவிடும் என்பதால், பரீட்சைத் தாளில் இது கண்ணில் படாது. ஆட்டத்தின் அட்டைகளை இந்த மூன்று தப்புகளும் வெளியே வந்தே தீரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். திட்டமிடலில் பாதி வேலை இதுதான்.

எந்த ஆட்டம் எதற்கு உதவும்

நம் ஊர் ஆட்டங்களையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

பரமபதத்தில் ஆடுபவர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. கட்டை சொல்வதைக் காய் செய்கிறது. அதற்காக அது வீண் என்று தள்ளிவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு, காயை நகர்த்தும்போது வாய் என்ன சொல்கிறது என்பதில் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் 1 முதல் 10 வரை ஒரே நேர்கோட்டில் கட்டம் போட்ட பலகையில் விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம், இரண்டு வாரத்தில் நான்கு முறை. எண்ணறிவு தெளிவாக முன்னேறியது. எண்களுக்குப் பதில் நிறங்கள் போட்ட அதே மாதிரிப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் வரவில்லை. இதில் விதி ஒன்று முக்கியம்: காய் 5-இல் இருந்து 2 விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் 0 முதல் 100 வரையுள்ள பலகையில் இதைத் தனியாகச் சோதித்தபோதும், கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களே அதிகம் கற்றார்கள். பலகையும் ஒன்று, காயும் ஒன்று. ஒரு சின்ன விதி பாடத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பரமபத அட்டையை எடுப்பவர்கள் இந்த ஒரு விதியைச் சேர்த்தாலே போதும்.

தாயம், ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுக்குக் கையில் வைத்துக் கொடுத்தது போன்ற ஆட்டம். நீளமான இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். மொத்தம் 16 வாய்ப்புகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதற்கு 16-இல் 1 வாய்ப்பு. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வாய்ப்பு, இரண்டு விழ 3, மூன்று விழ 4, நான்கு விழ 3, ஐந்து விழ 2, ஆறு விழ 1. தாயம் போட்டால்தான் காயை இறக்கலாம் என்ற விதி ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்று வகுப்பைக் கேட்டுவிட்டு இந்த அட்டவணையைப் போட வைத்தால், 1/8 என்ற எண்ணுக்கு உயிர் வந்துவிடும். வகுப்பு முழுவதும் சேர்ந்து 320 முறை உருட்டினால் 40 தாயம் எதிர்பார்க்கலாம். கட்டை தேய்ந்தோ கோணலாகவோ இருந்தால் எண்ணிக்கை ஒத்துவராது. அப்போது பாடம் இன்னும் சுவாரசியமாகும்.

பல்லாங்குழியில் 14 குழிகள். ஒரு குழியில் 17 முத்து இருந்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று கை வைக்காமல் சொல்லச் சொன்னால் அது வகுத்தல் மீதிக் கணக்கு. வெறுமனே ஆடவிட்டால் எண்ணுவதோடு நின்றுவிடும். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். யோசிக்கப் பழக்கும் அருமையான ஆட்டம். ஆனால் அதற்குள் பாடத்திட்டத்தின் ஒரு அத்தியாயத்தைத் திணிக்கப் பார்த்தால் ஆட்டமும் கெடும், அத்தியாயமும் கெடும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

கஹூட் போன்ற வினாடி வினா செயலிகள் வழக்கமான அமைப்பில் வேகமாகப் பதில் சொல்பவருக்கு அதிக மதிப்பெண் தரும். ஏற்கெனவே தெரிந்ததை ஒருமுறை தட்டிப் பார்க்க அது சரி. புதிதாக யோசிக்க வேண்டிய இடத்தில் வேகத்துக்குப் பரிசு வைத்தால் ஊகம்தான் மிஞ்சும்.

பின்ன ஒப்பீட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்டம், கட்டின் மேலிருந்து ஆளுக்கொரு அட்டையைத் திருப்பி, பெரியது வைத்தவர் எடுத்துக்கொள்வது. நம் கேள்வியில் இது தோற்றுவிடும். நல்ல அட்டை யாருக்கு விழுகிறதோ அவர் ஜெயிப்பார். எது பெரியது என்று பக்கத்துப் பையன் சொல்லிவிடுவான். அதனால் இரண்டு மாற்றம் செய்கிறோம். அட்டையை எப்போது இறக்குவது என்ற முடிவு ஆடுபவருடையது. வைத்த அட்டையைப் பற்றி வாய் திறந்து காரணம் சொன்னால்தான் புள்ளி.

தயாரிப்பு: அட்டை, பட்டை, கொட்டை

ஒரு குழுவுக்கு 24 பின்ன அட்டைகள், 6 கட்டளை அட்டைகள், ஒரு தொகுதி பின்னப் பட்டைகள், 30 புளியங்கொட்டை. குழுவுக்கு நான்கு பேர் என்றால் ஒன்பது குழு.

பின்ன அட்டைகள் இவை:

- அரைக்குச் சமமானவை: 1/2, 2/4, 3/6, 4/8, 5/10
- மேலே ஒன்று உள்ளவை: 1/3, 1/4, 1/5, 1/6, 1/8, 1/10
- முழுசுக்கு ஒன்று குறைவானவை: 2/3, 3/4, 4/5, 5/6, 7/8, 9/10
- மற்றவை: 2/6, 4/6, 6/8, 2/5, 3/5, 3/8, 5/8

முதல் வரிசை சமான பின்னங்களுக்கு. இரண்டாவது வரிசை "8 பெரிசு" என்பவர்களுக்கு. மூன்றாவது வரிசை "ஒன்றுதானே குறையுது" என்பவர்களுக்கு. கடைசி வரிசையில் 2/6, 4/6, 6/8 மூன்றும் வேறு வரிசைகளில் உள்ள அட்டைகளோடு சமமாகும். இந்த அமைப்பைக் குலைக்காமல் இருந்தால் போதும்; எண்களை உங்கள் வகுப்புக்குத் தகுந்தபடி மாற்றலாம்.

கட்டளை அட்டைகள்: "மிகப் பெரியது" 2, "மிகச் சிறியது" 2, "அரைக்கு மிக அருகில்" 2.

அட்டையின் அளவு 6 × 8 செ.மீ. கடையில் கிடைக்கும் பெரிய சார்ட் தாள் ஏறக்குறைய 56 × 70 செ.மீ. இருக்கும். அகலத்தில் 9, உயரத்தில் 8 என ஒரு தாளில் 72 அட்டைகள். மொத்தம் தேவை 270. நான்கு தாளில் 288 வரும். மிச்சமுள்ள 18 தொலைந்துபோகும் அட்டைகளுக்கு ஆகும். தொலையும்.

வெள்ளைச் சார்ட் வாங்க வேண்டாம். ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் தெரியும். இரண்டாவது ஆட்டத்திலேயே பிள்ளைகள் பின்பக்கத்தைப் பார்த்து அட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அழுத்தமான நிறச் சார்ட்டின் வெளிர்ப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். பின்னத்தின் கோட்டைப் படுக்கையாகப் போட வேண்டும், சாய்த்துப் போடக் கூடாது. 6, 9 இரண்டின் அடியிலும் ஒரு சிறு கோடு இழுக்காவிட்டால் அட்டை தலைகீழாகும்போது சண்டை வரும்.

அடுத்து பின்னப் பட்டைகள். நீளம் 24 செ.மீ. ஏன் 24 என்றால் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். 5-ஆல் வகுத்தால் 4.8, 10-ஆல் வகுத்தால் 2.4, இரண்டையும் சாதாரண ஸ்கேலில் குறிக்கலாம். அகலம் 2.8 செ.மீ. வைத்தால் ஒரு ஏ4 தாளின் அகலத்தில் ஏழு பட்டைகள் வந்து, ஜெராக்ஸ் இயந்திரம் விழுங்கும் ஓரத்துக்கும் இடம் மிஞ்சும். ஏழு பட்டைகளில் 2, 3, 4, 5, 6, 8, 10 பாகங்கள். பாகங்களைக் குறிக்கும்போது ஸ்கேலை ஒரே இடத்தில் வைத்து 4.8, 9.6, 14.4, 19.2 என்று பூச்சியத்திலிருந்தே எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு பாகமாக ஸ்கேலை நகர்த்திக் குறித்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து, கடைசிக் கோடு அரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 4/5-ஐயும் 5/6-ஐயும் பிரிப்பதே 0.8 செ.மீ.தான். ஒரு மூலத்தாள் போட்டு ஒன்பது ஜெராக்ஸ் எடுப்பது நல்லது. ஜெராக்ஸில் அளவு லேசாகச் சுருங்கினாலும் ஏழு பட்டையும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் ஒப்பீடு கெடாது. ஒரு குழுவின் தொகுதியில் கையால் போட்ட பட்டையையும் ஜெராக்ஸ் பட்டையையும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு குழுவின் பொருள்களையும் ஒரு பழைய தபால் உறையில் போட்டு வெளியே எண் எழுதிவிடுங்கள். பட்டைகள் மட்டும் உள்ளே இன்னொரு சின்ன உறையில் இருக்க வேண்டும். காரணம் கீழே வரும்.

விதிகள்

விதிகள் ஐந்துக்கு மேல் போனால் ஆட்டம் அந்தப் பீரியடில் முடியாது. நம் ஆட்டத்துக்கு இவை போதும்.

1. ஆளுக்கு 6 அட்டை, 2 புளியங்கொட்டை. கட்டளை அட்டைகளைக் கலைத்து நடுவில் கவிழ்த்து வையுங்கள்.
2. கட்டளை ஒன்றைத் திருப்பியதும், அதற்குப் பொருத்தமான ஒரு அட்டையைத் தேர்ந்து கவிழ்த்து வையுங்கள்; நான்கு பேரும் வைத்த பிறகே ஒன்றாகத் திறக்க வேண்டும்.
3. "இது என்னுடையது" என்பவர் காரணம் சொல்ல வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் ஒரு கொட்டை அவருக்கு. சமமாக இருந்தால் இருவருக்கும்.
4. ஒத்துக்கொள்ளாதவர் "சவால்" என்று சொல்லலாம். அப்போது மட்டும் பட்டை உறையைத் திறந்து அளந்து பாருங்கள்.
5. சவால் சரியென்றால் சவால் விட்டவருக்கு ஒரு கொட்டை. தப்பென்றால் அவர் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. கவிழ்த்து வைக்கச் சொல்லாவிட்டால் கடைசியில் வைப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வைப்பார். சவாலுக்கு விலை இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேரும் சவால் விடுவார்கள், ஆறு சுற்று முடியவே முடியாது. பட்டை எப்போதும் மேசைமேல் கிடந்தால் எல்லா அட்டையையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். ஆட்டம் ஸ்கேல் பிடிக்கும் பயிற்சியாகிவிடும். அதற்குத்தான் தனி உறை.

ஆறு கட்டளைகள் என்னென்ன என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும், வரிசை மட்டும் தெரியாது. கையில் 1/8, 4/8, 2/5, 3/4, 5/6, 1/3 இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாடம் புரிந்த பிள்ளை மனசுக்குள் பிரித்துவிடும்: பெரியதற்கு 5/6, 3/4, சிறியதற்கு 1/8, 1/3, அரைக்கு 4/8, 2/5. "எட்டு இருக்கு, அப்போ சின்னது" என்று நினைக்கும் பிள்ளை 4/8-ஐ "மிகச் சிறியது" சுற்றில் இறக்கிவிட்டு, பின்னால் "அரைக்கு அருகில்" வரும்போது 1/3-ஐ வைத்துக்கொண்டு நிற்கும். 4/8-ஐ அரை என்று அடையாளம் கண்டதற்கே ஒரு கொட்டை கிடைக்கிறது.

நாற்பது நிமிடம்

முதல் 5 நிமிடம்: உட்காரவைத்தல், உறை கொடுத்தல். ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சில் உள்ளவர்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் பெஞ்சை நகர்த்தத் தேவையில்லை. குழுப் பட்டியலைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். "நாலு நாலு பேரா உட்காருங்க" என்று சொன்னால் பத்து நிமிடம் போய்விடும், யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பிள்ளையும் நின்றுகொண்டிருக்கும்.

ஆள் குறைந்த நாளில் ஐந்து பேர் குழு போட வேண்டாம், 24 அட்டை சமமாகப் பிரியாது. மூன்று பேர் குழு போடுங்கள்: ஆளுக்கு 8 அட்டை, அதில் 6 மட்டும் ஆடுவார்கள். 35 பேர் என்றால் எட்டு நால்வர் குழு, ஒரு மூவர் குழு. 34 என்றால் ஏழும் இரண்டும். 33 என்றால் ஆறும் மூன்றும். எப்படிப் போட்டாலும் ஒன்பது உறைதான்.

அடுத்த 4 நிமிடம்: விதியை வாசிக்க வேண்டாம். முன் பெஞ்சில் ஒரு குழுவை வைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டுங்கள். அதில் ஒரு சவாலும் வர வேண்டும். நீங்களே ஒரு அட்டைக்குத் தப்பான காரணம் சொன்னால் சவால் தானாக வரும்.

அதன் பின் 15 நிமிடம் ஆட்டம். முதல் ஆட்டம் பத்து நிமிடம்வரை இழுக்கும், இரண்டாவது வேகமாகப் போகும். முடிந்தாலும் முடியாவிட்டாலும் 15 நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு சுத்து, மிஸ்" என்று கெஞ்சுவார்கள். அங்கே இளகினால் அடுத்த பகுதி போய்விடும், அந்த நாளின் பாடமும் அதோடு போய்விடும்.

3 நிமிடம்: அட்டை எண்ணி உறையில் போடுதல். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் 24, 6, 7 என்று எண்ணிச் சொன்ன பிறகே உறை கைக்கு வர வேண்டும்.

10 நிமிடம்: பேச்சு. கடைசி 3 நிமிடம்: சீட்டில் விடை எழுதுதல்.

ஆட்டத்துக்குக் கிடைத்த நேரம் பீரியடில் பாதிகூட இல்லை. அதிகம் வேண்டும் என்று தோன்றினால் இரண்டு பீரியட் சேர்ந்து வரும் நாளுக்கு மாற்றுங்கள். பேச்சின் பத்து நிமிடத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

ஆட்டம் நடக்கும்போது ஆசிரியர்

கையில் ஒரு தாள், அதில் ஒன்பது கட்டம், குழுவுக்கு ஒன்று. நடந்துகொண்டே இருங்கள். ஒரு குழுவிடம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். மூன்று தப்பில் எது காதில் விழுகிறதோ அதன் எண்ணையும், எந்த இரண்டு பின்னத்தில் வந்தது என்பதையும் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். "மிஸ், இது சரியா?" என்று கேட்டால் "சவால் விடேன், பட்டை சொல்லும்" என்பதே பதில். ஆசிரியர் ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதன் பிறகு எல்லாத் தகராறும் அவரிடமே வரும், பட்டை உறை திறக்கப்படாமலே கிடக்கும்.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. ஆட்டத்தை நிறுத்தும் அடையாளத்தை அட்டை கொடுப்பதற்கு முன்பே பழக்குங்கள்: கை உயர்ந்தால் அட்டையைக் கவிழ்த்துவிட்டுத் தானும் கை உயர்த்த வேண்டும். இரண்டு முறை ஒத்திகை போதும். அட்டை கையில் வந்த பிறகு பழக்க முடியாது.

பேச்சு நடத்தும் விதம்

உங்கள் தாளில் உள்ளவற்றிலிருந்து இரண்டே இரண்டு ஜோடிகளை எடுத்துப் பலகையில் எழுதுங்கள். யார் சொன்னது என்று பெயர் சொல்ல வேண்டாம். 3/4, 5/6 ஜோடி எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

"ஒரு குழுவுல இது ரெண்டும் சமம்னு சொன்னாங்க. ரெண்டுலயும் ஒண்ணுதானே குறையுதுன்னு காரணம். யாருக்கெல்லாம் இது சரின்னு படுது?"

பாதிக் கை உயரும். உயர்த்தியவர்களை விட்டுவிட்டு, உயர்த்தாதவர்களிடமும் உடனே போகாமல் இப்படிக் கேளுங்கள்:

"சரி, 3/4-ல குறையுற அந்த ஒண்ணு, பட்டைல எவ்வளவு நீளம்?"

"ஆறு சென்டிமீட்டர், மிஸ்."

"5/6-ல?"

"நாலு... மிஸ், அது சின்ன ஒண்ணு!"

அந்த வார்த்தை வகுப்பிலிருந்தே வர வேண்டும். வந்ததும் அதை அப்படியே பலகையில் எழுதுங்கள். அடுத்து 7/8, 9/10 கொடுத்தால் பட்டை இல்லாமலே சொல்வார்கள். பட்டையைத் தொடாமல் சொல்ல வைப்பதுதான் இந்தப் பத்து நிமிடத்தின் வேலை. அதனால் மூன்றாவது ஜோடியைப் பட்டையில் இல்லாத பகுதியாகக் கொடுங்கள், உதாரணமாக 5/9-ம் 1/2-ம்.

யார் ஜெயித்தார்கள் என்று பலகையில் எழுத வேண்டாம். கொட்டை எண்ணிக்கை அந்தந்த பெஞ்சோடு முடியட்டும்.

எங்கே சறுக்கும்

ஒரு பிள்ளையே நால்வருக்கும் ஆடிவிடுவது மிகவும் சகஜம். "நீ அதை வை, நீ இதை வை" என்று முழுக் குழுவையும் நடத்தும். காரணத்தை அட்டைக்காரர்தான் சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது விதியை இறுக்கிப் பிடித்தால் பாதி சரியாகும். மீதி, குழு பிரிப்பதில் இருக்கிறது. தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்புகளில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகியவர்களுக்கு ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து உட்கார வைக்கத் தோன்றும். இந்த ஆட்டத்துக்கு அதுவும் சரிவராது. நால்வருக்கும் ஒரே தப்பு இருந்தால் சவாலே வராது, எல்லோரும் ஒற்றுமையாகத் தப்பு செய்வார்கள். அடுத்தடுத்த இரண்டு நிலைகளிலிருந்து இரண்டிரண்டு பேர் என்பது நன்றாக வேலை செய்யும். வகுப்பின் முதல் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டாம்.

சவாலே வராத குழு இன்னொரு தொல்லை. தோற்கப் பயம், அல்லது சிநேகிதம். இரண்டாவது ஆட்டத்தில் "ஒவ்வொருவரும் ஒரு சவாலாவது விட வேண்டும், முதல் சவாலுக்கு அபராதம் கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள்.

தோற்றவர் வெளியேறும் விதி எந்த ஆட்டத்திலும் வேண்டாம். முதலில் வெளியே போய்ச் சுவரோரம் நிற்பது யாருக்கு அந்தப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

காரணம் என்ற பெயரில் "பெரிசா இருக்கு, அதான்" என்று சொல்லித் தப்பிப்பார்கள். "ஏன்னா..." என்று தொடங்கும் மூன்று மாதிரி வாக்கியங்களைப் பலகையில் எழுதிவையுங்கள்: "ஏன்னா இது அரையைவிட அதிகம், அது குறைவு." "ஏன்னா ரெண்டுலயும் பங்கோட அளவு ஒண்ணு, இதுல பங்கு அதிகம்." "ஏன்னா ரெண்டுலயும் பங்கோட எண்ணிக்கை ஒண்ணு, இதுல ஒவ்வொரு பங்கும் பெரிசு."

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இதே பாணியில் எதையாவது செய்வதானால் புளியங்கொட்டைக்குப் பதில் பாட்டில் மூடி வையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும் வயது, மூக்கிலும் போகும்.

எல்லாவற்றுக்கும் முந்திய பாதுகாப்பு, ஆட்டத்தை முதல் நாள் மதியம் நான்கு பிள்ளைகளை வைத்து ஒருமுறை ஆடிப் பார்ப்பது. ஆறு சுற்றுக்கு எத்தனை நிமிடம், எந்த விதியை இரண்டாவது முறை கேட்கிறார்கள் என்று இரண்டே விஷயம் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரே விதியைத் திரும்பக் கேட்டால் அந்த விதியை மாற்றி எழுத வேண்டும்.

சீட்டும் அதன் பிறகும்

கடைசி மூன்று நிமிடத்தில் கால் தாளில் இரண்டு கேள்வி, பட்டை கிடையாது:

1. 4/7, 1/2: எது பெரியது? ஏன்?
2. 6/7, 7/8: எது பெரியது? ஏன்?

ஏழு பாகமாகப் பிரித்த பின்னம் வேண்டுமென்றே வருகிறது. அது அட்டையிலும் இல்லை, பட்டையிலும் இல்லை, மனப்பாடம் உதவாது. சீட்டுகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: விடையும் காரணமும் சரி, விடை மட்டும் சரி, விடையே தப்பு. மதிப்பெண் போட வேண்டாம், பத்து நிமிடத்தில் முடியும் வேலை.

இரண்டாம் கேள்வியில் "ரெண்டும் சமம்" என்று பத்துப் பேருக்கு மேல் எழுதியிருந்தால், மறுநாள் மூன்றாவது வரிசை அட்டைகளை மட்டும் வைத்து முழு வகுப்புக்கும் ஒரு ஐந்து நிமிடப் பேச்சு தேவை. விடை மட்டும் சரியாக உள்ள அடுக்கு பெரிதாக இருந்தால் பலரும் குறுக்குப் பெருக்கலில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; அடுத்த ஆட்டத்தில் "எழுதிப் போட்டுப் பார்க்கக் கூடாது" என்ற விதியைச் சேருங்கள். விடையே தப்பான சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். அவர்களை நால்வராக உட்கார வைத்துப் பட்டையை வெளியே வைத்துக்கொண்டே ஒரு ஆட்டம் ஆடவிடலாம்.

மறுநாள் மீண்டும் ஆட்டம் வேண்டாம். எண்கோட்டில் குறித்தல், நோட்டு வேலை. மூன்று நான்கு நாள் கழித்துத் திரும்ப எடுக்கும்போது 24-இல் ஆறு அட்டைகளை மாற்றுங்கள்: 1/10, 1/5, 2/6, 5/10, 5/8, 9/10 போய் 7/10, 3/10, 5/12, 7/12, 11/12, 8/12 வரட்டும். 12 பாகப் பட்டைக்கு ஒவ்வொரு கோடும் 2 செ.மீ.; அதைப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம். எந்தக் குழுவில் எந்த அட்டை மாறியது என்பதை உறையின் மேல் எழுதிவையுங்கள், அடுத்த வருஷம் எடுக்கும்போது எண்ணிப் பார்க்கும் வேலை மிச்சமாகும்.